சீனப் பீங்கான்: அசலா, நகலா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க அப்பாரு காலத்துல இருந்து தொட்டிக்கட்டு வீட்டு அட்டாலியில ஒரு நீலப்பூ ஜாடி இருக்குதுங்க. ஒரு முழ உயரம். அடியில் ரெண்டு நீல வளையம், அதுக்குள்ள ஆறு சீன எழுத்து. தேடிப் பார்த்ததில் காங்சி பேரரசர் காலம், 1662–1722 என்று வருகிறது. முத்திரையின் படம் அனுப்பியிருக்கிறேன். நம்பலாமுங்களா?
– வாசகி, தாராபுரம்

பதில்: முத்திரையை வைத்து மட்டும் நம்ப முடியாதுங்க, அம்மா. சீனப் பீங்கானில் முத்திரையைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். முன்னோரைப் போற்றி அவர்கள் பெயரைப் போடுவது அங்கே பழைய வழக்கம். காங்சி காலக் குயவர்களே இருநூறு வருடத்துக்கு முந்தைய மிங் அரசர்களான சுவாந்தே, செங்குவா பெயர்களைப் போட்டார்கள். பீங்கான் ஊரான ஜிங்தெசென்னில் 1677-இல் அரசர் பெயரைப் போடக்கூடாது என்றே அதிகாரி தடை போட்டார். அதனால் உண்மையான காங்சி ஜாடிகள் பலவற்றில் வெறும் இரட்டை வளையமோ ஓர் இலையோதான் இருக்கும். பிறகு குவாங்சூ ஆட்சியில் (1875–1908) காங்சி பெயரை ஏராளமாகப் போட்டார்கள். இன்றும் போடுகிறார்கள்.

ஜாடியைக் கவிழ்த்து, நான்காக மடித்த துண்டின் மேல் வையுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும் ஜன்னலோரம் நல்லது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். நகைக்கடையில் கிடைக்கும்; தறிப்பட்டறையில் இழை எண்ண வைத்திருக்கும் பிக் கிளாஸும் போதும்.

முதலில் அடி வளையத்தை, அதாவது ஜாடி தரையில் நிற்கும் வட்ட விளிம்பைப் பாருங்கள் (வரைந்த நீல வளையம் அல்ல). சூளையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த இடத்தில் மட்டும் கிளேஸை, அதாவது பளபளக்கும் கண்ணாடிப் பூச்சைத் துடைத்துவிடுவார்கள். ஆகவே ஜாடியின் மண் வெறுமையாகத் தெரியும் இடம் அது ஒன்றுதான். நல்ல காங்சி மண் வெள்ளையாக, இறுகி, விரலுக்கு வழவழப்பாக இருக்கும். கிளேஸ் முடிந்து மண் தொடங்கும் கோட்டில் மெல்லிய செம்பழுப்பு நிறம் ஓடலாம். மண்ணில் உள்ள இரும்பு சூளையில் சிவந்த நிறம் அது. ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மறைந்து போகும். சுற்றிலும் ஒரே அகலத்தில் இருந்தால் தூரிகையால் பூசியது என்று சந்தேகப்படுங்கள். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனில் பஞ்சை நனைத்து அந்த வெறும் மண்ணில் மட்டும் தேய்த்துப் பாருங்கள். பாலிஷும் சாயமும் பஞ்சில் வந்துவிடும். டீ வடிநீரில் ஊற வைத்த கறைக்கு வெந்நீர்ப் பஞ்சு போதும். பூசிச் சுட்ட நிறம் எதிலும் வராது. அதனால் பஞ்சு சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து அசல் என்று சொல்லிவிட வேண்டாம்.

அடுத்தது தேய்மானம். நூறு வருடம் பலகையில் வைத்து எடுத்த ஜாடியில் தரையைத் தொடும் மேடு தேய்ந்திருக்கும், அழுக்கு பள்ளத்தில் சேர்ந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்ததில் கோடுகள் ஒரே திசையில் போகும். வயிற்றின் அகன்ற பகுதியில் முடி மெல்லிசாய்க் கீறல்கள் பல திசையில் இருக்க வேண்டும். கைபடாத கழுத்தடியில் குறைய வேண்டும். எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி மங்கியிருந்தால், அடிக்குழிக்குள்ளும் பளபளப்பு இல்லையென்றால், அமிலத்தில் மங்க வைத்தது.

பிறகு கையை உள்ளே விடுங்கள். இந்த உயர ஜாடியை இரண்டு மூன்று துண்டாகச் செய்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டு உள்ளே கிடைமட்டமாக விரலில் தட்டும். ஒட்டே இல்லாமல் சுவர் முழுக்க ஒரே தடிமனாக இருந்தால் அச்சில் ஊற்றி வார்த்தது, அதாவது பெரும்பாலும் அண்மைக்காலச் சரக்கு. ஒட்டு இருப்பதாலேயே பழசு ஆகிவிடாது. நல்ல நகல் செய்பவர்களும் சக்கரத்தில்தான் செய்கிறார்கள்.

கடைசியாக நீலத்துக்கு வாருங்கள். லென்ஸில் தூரிகை நின்ற இடத்தில் கோபால்ட் என்ற நீல நிறப்பொருள் தேங்கி அடர்ந்தும், இழுத்த இடத்தில் வெளுத்தும் தெரிய வேண்டும். செய்தித்தாள் படம் போலப் புள்ளி புள்ளியாக இருந்தால் அச்சு ஸ்டிக்கர், அதோடு விஷயம் முடிந்தது.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஆறு எழுத்தும் ஒரே தடிமனில் இருக்கின்றன. தூரிகை அழுந்திய இடமே தெரியவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அடி வளையத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது தவறு. முழு உருவம், கவிழ்த்த அடி, அடி வளைய ஓரம் நெருக்கத்தில், வாயின் உள்புறம் என நான்கு படங்களைப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்து அனுப்புங்கள். எடையையும் எழுதுங்கள். அதுவரை யார் விலை கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நீலத் தட்டில் பாலம், அதன் மேல் மூன்று பேர், மேலே இரண்டு பறவை, தொங்கும் கிளை மரம். சீனத் தட்டுதானே?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: படம்தான் சீனச் சாயல், தட்டு அநேகமாக இங்கிலாந்து. வில்லோ என்று பெயர் பெற்ற இந்தச் சித்திரம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் உருவானது. செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் அச்செடுத்துத் தட்டில் ஒற்றுவார்கள். விளிம்பு அலங்காரத்தைச் சுற்றிப் பாருங்கள், தாளின் இரு முனையும் சேரும் இடத்தில் பூ பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். இருட்டறையில் செல்போன் டார்ச்சைத் தட்டுக்குப் பின்னால் பிடியுங்கள். மெல்லிய பீங்கானில் வெளிச்சம் ஊடுருவும், விரல் நிழல் தெரியும். மண்பாண்ட வகைத் தட்டில் தெரியாது.

அடியில் ஆங்கிலத்தில் 'இங்கிலாந்து' என்றோ 'சைனா' என்றோ நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்ட பிறகு பரவிய வழக்கம் அது.

கேள்வி: மேல்பாதி காப்பிக்கொட்டை நிறம், கீழ்ப்பாதி வெள்ளை. அம்மிச்சி ஊறுகாய் போட்ட ஜாடி. 'சைனா ஆண்டிக்' என்று ஒருவர் கேட்கிறார்.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: இல்லைங்க. நம் நாட்டுச் சரக்கு, வடக்கே குர்ஜாவில் இன்றும் செய்கிறார்கள். விரிசல் இல்லையென்றால் தாராளமாக மாங்காய் போடுங்கள்.

கேள்வி: ரோஜா நிறப் பூக்கள் வரைந்த கிண்ணம், அடியில் சுவாந்தே முத்திரை. ஆன்லைனில் 85,000 ரூபாய் சொல்கிறார்கள். தட்டினால் மணி மாதிரி சத்தம் வருகிறது, லேப் சான்றிதழும் உண்டாம். வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: சுவாந்தே ஆண்டது 1426 முதல் 1435 வரை. தங்கத்திலிருந்து எடுக்கும் அந்த ரோஜா நிறம் சீனப் பீங்கானுக்கு வந்ததே 1720-ஐ ஒட்டி. முத்திரை பொய் என்பதற்கு இதுவே போதும். 19-ஆம் நூற்றாண்டுக் கிண்ணமாக இருக்க இடமுண்டு. அப்படியானால் 19-ஆம் நூற்றாண்டுக் கிண்ணத்துக்குரிய விலைக்குத்தான் கேட்க வேண்டும். கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள். பழைய பச்சை, நீல எனாமலை (கிளேஸின் மேல் வரைந்து சுட்ட நிறம்) சுற்றியுள்ள வெள்ளையில் எண்ணெய் படிந்த மாதிரி வானவில் நிறம் மங்கலாகத் தெரிவது நல்ல அறிகுறி.

மணிச் சத்தம் விரிசல் இல்லை என்பதைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது. ஒட்டிப் பூசி மறைத்த இடம் தெரிய, இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடியுங்கள். ஒட்டுப்பசையும் புதுப் பெயிண்டும் பெரும்பாலும் தனியாக ஒளிரும்.

லேப் சான்றிதழ் தெர்மோலூமினசென்ஸ் சோதனையுடையதாக இருக்கும். அடியில் சிறு துளை போட்டு மண் எடுத்து, கடைசியாகச் சூளையில் வெந்தது எப்போது என்று கணக்கிடுவது. புதுப் பாண்டத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தும், பழைய அடித்துண்டில் புது உடலை ஒட்டியும் இதை ஏமாற்றுகிறார்கள். சான்றிதழில் உள்ள படமும் துளையிட்ட இடமும் கையிலிருக்கும் கிண்ணத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். துளையே இல்லாத கிண்ணத்துக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது.

வாங்கினாலும் அதில் ரசம், தயிர் ஊற்ற வேண்டாம். மேல் எனாமலில் ஈயம் உண்டு, புளிப்பில் கரைந்து வரும். புளி போட்டுத் தேய்க்கவும் கூடாது. பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு மட்டும்.

கேள்வி: அஸ்திவாரம் தோண்டும்போது நீலப்பூ போட்ட உடைந்த பாத்திர ஓடுகள் கிடைத்தன. கொடுமணல் காலத்ததா?
– வாசகர், காங்கேயம்

பதில்: இல்லை. சங்க கால ஊரான கொடுமணல் செழித்திருந்த காலத்துக்கும் சீன நீல-வெள்ளைப் பீங்கான் பெருகிய 14-ஆம் நூற்றாண்டுக்கும் இடையே ஆயிரம் வருடம் போல இருக்கிறது. உங்கள் ஓடு ஐரோப்பியத் தட்டாகவும் இருக்கலாம். உடைந்த விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பீங்கான் உறிஞ்சாது, விளிம்பு கண்ணாடித் தன்மையோடு ஒரே வெள்ளையாக இருக்கும். மண்பாண்டம் உறிஞ்சிவிடும், கிளேஸ் தனி அடுக்காகத் தெரியும். மண்ணில் புதைந்திருந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஓடுகள் எந்த ஆழத்தில் கிடைத்தன என்று குறித்துவைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அசலை எங்கே பார்க்கலாம்? மகனுக்கு வெளிநாட்டுக்கு ஒரு பழைய ஜாடி அனுப்பலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கோவையிலிருந்து பாலக்காடு வழியாக ரயிலேறினால் கொச்சி. மட்டாஞ்சேரி யூதர் ஆலயத்தின் தரை முழுக்க 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீல-வெள்ளை ஓடுகள். ஒரே மரத்தைப் பக்கத்துப் பக்கத்து ஓடுகளில் ஒப்பிட்டுப் பாருங்கள், தூரிகைக்கும் அச்சுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் பதிந்துவிடும். சனிக்கிழமை திறக்க மாட்டார்கள். ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் நல்ல சீனப் பீங்கான் தொகுப்பு உண்டு.

ஜாடி நூறு வருடத்துக்குக் குறையாததாக இருந்தால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கே செய்தது என்பது கணக்கில்லை. அவ்வளவு பழசில்லை என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.