ஒரே சொல், பல குரல்: கேள்வி பதில்

கேள்வி: குழந்தை சொன்னாலும் தாத்தா சொன்னாலும் "வா" என்பது "வா"தான். அப்படியென்றால் ஒலியும் ஒன்றுதானா?

பதில்: இல்லை, நிறையவே மாறும். வளர்ந்த ஆணுக்குக் குரல்வளையிலிருந்து உதடு வரை சுமார் 17 செ.மீ. குழந்தைக்கு அது குட்டை. அதனால் வாய்க்குள் எழும் ஒத்ததிர்வுகள், அதாவது அங்குள்ள காற்று ஓங்கி ஒலிக்கும் சுருதிகள், மேலே ஏறிவிடும். 1952-ல் பீட்டர்சன், பார்னி என்ற ஆய்வாளர்கள் 76 பேரின் ஆங்கில உயிரொலிகளை அளந்து பார்த்தார்கள். ஒருவருடைய உயிரொலிக்கு இருந்த அதே ஒத்ததிர்வு அளவுகள் இன்னொருவருடைய வேறோர் உயிரொலிக்கும் இருந்தன!

கேள்வி: அப்புறம் எப்படிக் குழம்பாமல் இருக்கிறோம், சார்?

பதில்: பேசுகிற ஆளை வைத்துத்தான். 1957-ல் லாடிஃபோகெட், பிராட்பென்ட் இருவரும் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. செயற்கைக் குரலில் ஓர் ஆங்கில வாக்கியம், அதன் முடிவில் ஒரு சொல். அந்தச் சொல்லின் ஒலியில் அவர்கள் கை வைக்கவே இல்லை. முன்னால் வரும் வாக்கியத்தின் ஒத்ததிர்வை மட்டும் இறக்கினார்கள். அதுவரை "பிட்" என்று கேட்ட சொல் பெரும்பாலோருக்கு "பெட்" என்று கேட்டது. ஆளுக்குத் தக்கபடி காது தன் அளவுகோலை மாற்றிக்கொள்ள ஒரே ஒரு வாக்கியம் போதும்.

கேள்வி: சொல் புரிந்ததும் குரல் மறந்துபோகுமா?

பதில்: வெகுநாள் அப்படித்தான் நினைத்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1993-ல் பால்மெரி, கோல்டிங்கர், பிசோனி மூவரும் 20 குரல்கள் வரை கலந்து நீண்ட சொல்வரிசையைக் கேட்கவைத்தார்கள். "இந்தச் சொல் முன்பே வந்ததா?" என்பதுதான் கேள்வி, குரலைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் முன்பு சொன்ன அதே குரலில் சொல் திரும்பி வந்தபோது இன்னும் சரியாகக் கண்டுபிடித்தார்கள். அதாவது, சொல்லோடு குரலும் உள்ளே போயிருக்கிறது. இதில் நமக்கு லாபமும் உண்டு. 1994-ல் நைகார்ட் குழு காட்டியபடி, பழகிய குரல் என்றால் இரைச்சலுக்கு நடுவிலும், அந்த ஆள் சொல்லி நாம் கேட்டிராத புதுச் சொல்கூட நன்றாகப் பிடிபடும்.

கேள்வி: பட்டியலை மனப்பாடம் செய்ய ஒரே குரல் நல்லதா, பல குரலா?

பதில்: வேகத்தைப் பொறுத்தது. சொற்கள் கடகடவென்று வந்தால் ஒரே குரல். நிதானமாக வந்தால் பல குரல்; முக்கியமாகப் பட்டியலின் தொடக்கச் சொற்களுக்கு.

கேள்வி: வேற்றுமொழிக்காரர் உச்சரிப்பு எனக்குப் புரிவதே இல்லை.

பதில்: ஒரு நிமிஷம் பொறுத்துக் கேளுங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். 2004-ல் கிளார்க்கும் காரெட்டும் பார்த்தபோது, அதற்குள்ளாகவே கேட்பவர்கள் பழகத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் ஒரே ஆளிடம் பழகினால் பெரும்பாலும் அவர் பேச்சுதான் எளிதாகும். அதே உச்சரிப்புள்ள நாலைந்து பேரைக் கேளுங்கள். புதிதாக வருகிறவர் பேச்சும் புரிய ஆரம்பிக்கும்.