விகானுக்கு முதல் பயணம்: ஒரு பகல் போதுமா?

கேள்வி: கணவர் மணிலாவில் வேலை பார்க்கிறார். வரும் ஜனவரியில் அம்மாவும் நானும் அங்கே போகிறோம். விகான் என்ற பழைய ஊரைப் பார்க்க ஆசை. அதற்கு வடக்கே இருக்கும் லவாக் நகரில் தங்கிக்கொண்டு, வேன் பிடித்து ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்கிறார்கள். அது போதுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் முட்டை சாப்பிடுவோம். மீன், கறி கிடையாது. (கோவை வாசகி)

பதில்: போதாது. விகானிலேயே இரண்டு இரவு தங்குங்கள். சுற்றுலா வேன்கள் வந்து நிற்பது பெரும்பாலும் உச்சிவெயில் நேரத்தில். அப்போது காலே கிரிசோலோகோ தெருவில் செல்ஃபி கூட்டமும் சாவிக்கொத்துக் கடைகளும்தான் கண்ணில் படும். அதே தெருவில் காலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். கடை விரித்திருக்காது, வீடுகளை நிமிர்ந்து பார்க்க இடம் இருக்கும். விகானுக்குப் போவதே அந்த வீடுகளுக்காகத்தானே!

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், வடமேற்கே இருக்கும் இலோகோஸ் சூர் மாகாணத்தின் தலைநகரம் இது. 1572ல் ஹுவான் டி சல்செடோ என்ற ஸ்பானியத் தளபதி இங்கே ஊரை நிறுவினார். பின்னாளில் இங்கே வந்த சீன வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அந்தக் கலப்புக் குடும்பங்கள் அவுரி, புகையிலை, கைத்தறித் துணி வியாபாரத்தில் பணம் பார்த்துக் கட்டியவைதான் இந்த மாளிகைகள். யுனெஸ்கோ 1999ல் ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வீடுகளில் எதைப் பார்ப்பது? கீழ்த்தளம் கனத்த செங்கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. சாரட் வண்டியும் சரக்கும் நிறுத்த அந்த இடம். குடும்பம் வாழ்ந்தது மரத்தாலான மாடியில். மாடி ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகக் கபீஸ் என்ற சிப்பியைச் சிறு சதுரங்களாக வெட்டிப் பதித்திருப்பார்கள். வெளிச்சம் வரும், சூடு தெரியாது. அந்த ஜன்னலுக்குக் கீழே, தரையை ஒட்டி, கடைசல் மரக்கம்பிகள் வைத்த இன்னொரு சின்ன ஜன்னல் இருக்கும். மழையில் பெரிய ஜன்னலை இழுத்து மூடினாலும் காற்றுக்குக் குறைவில்லை. இதைக் கவனிக்காமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

உள்ளே போய்ப் பார்க்க சிக்கியா மாளிகை ஒன்று போதும். நாட்டின் ஆறாவது ஜனாதிபதி எல்பிடியோ கிரினோவின் மனைவி பிறந்த குடும்பத்தின் வீடு அது. மாடிப்படி ஏற வேண்டியிருக்கும் என்பதால், அம்மாவின் முழங்காலை அங்கே செலவழியுங்கள், வேறெங்கும் வேண்டாம். பக்கத்து ஊரான பாந்தாயின் மணிக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாலே போதும். 2022 ஜூலை நிலநடுக்கத்தில் அது சேதமடைந்தது. நீங்கள் மட்டும் ஏற நினைத்தால், இப்போது விடுகிறார்களா என்று விடுதியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

நிலநடுக்கம் இங்கே புதிதல்ல. சல்செடோ சதுக்கத்தை ஒட்டிய புனித பவுல் பேராலயத்தில் மணிக்கோபுரம் தனியாகத் தள்ளி நிற்பதைப் பாருங்கள். கோபுரம் சாய்ந்தாலும் ஆலயத்தின் மேல் விழக்கூடாது என்ற கணக்கு அது.

தேசிய அருங்காட்சியகத்தின் கிளை இருப்பது பழைய மாகாணச் சிறைச்சாலைக் கட்டடத்தில். கிரினோ பிறந்ததும் அங்கேதான், அப்பா சிறை அதிகாரி. எஸ்டெபன் வில்யானுவேவா 1821ல் வரைந்த 14 ஓவியங்களை அங்கே தவறவிடாதீர்கள். கரும்புச் சாற்றில் செய்யும் பாசி என்ற மதுவை மக்கள் சொந்தமாகக் காய்ச்சக்கூடாது என்று ஸ்பானிய அரசு கெடுபிடி செய்ய, 1807ல் கலகம் வெடித்தது. அதன் தொடக்கம் முதல் தூக்குமேடை வரை வரிசையாக வரைந்திருக்கிறார். ஒன்றில் வானத்தில் வால்நட்சத்திரம்கூட உண்டு. அருங்காட்சியகம் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று முன்பே விசாரியுங்கள். நாளைப் பார்த்துக் கிளம்புங்கள்.

அப்புறம் சாப்பாடு. இதில்தான் கொஞ்சம் உஷார் வேண்டும். பினக்பெட் என்று கத்திரிக்காய், பாகற்காய், வெண்டைக்காய் எல்லாம் போட்டு ஒரு கூட்டு வரும். பார்த்தால் நம்பிவிடுவீர்கள், ஆனால் அதற்கு உப்பே புளிக்கவைத்த மீன் விழுதுதான். அதை விட்டுவிட்டுப் பொக்கி பொக்கி கேளுங்கள்: சுட்ட கத்திரிக்காயை மசித்து, வெங்காயம், தக்காளி, முட்டை சேர்த்து வதக்குவது. வெறும் சோற்றுக்கு அருமையான துணை.

மாலையில் பர்கோஸ் சதுக்கத்துக் கடைகளில் எம்பனாடா சாப்பிடுங்கள். ஆரஞ்சு நிற அரிசி மாவை அப்பளம்போல் தேய்த்து, துருவிய பச்சைப் பப்பாளியைப் பரப்பி, நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மடித்து, கண்ணெதிரே எண்ணெயில் விடுவார்கள். லோங்கனிசா என்ற பன்றித் தொத்திறைச்சியும் உள்ளே போகும். அது வேண்டாம் என்று மாவைத் தேய்க்கும்போதே சொல்லிவிடுங்கள், ஆங்கிலம் புரியும். எண்ணெய் என்னவோ எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அம்மா அதை ஏற்கமாட்டார் என்றால் முட்டை பொரியலும் சோறும், பழமும் என்று சமாளிக்க வேண்டியதுதான்.

போக்குவரத்துக்கு வருவோம். மணிலாவிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். இரவுப் பேருந்து உண்டு, எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். நீங்கள் தனியாகப் போவதென்றால் அதையே சொல்வேன். அம்மாவோடு என்றால் லவாக் வரை விமானம், ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர், கார் அமர்த்திக்கொள்ளுங்கள். ஊருக்குள் கலேசா என்ற குதிரைவண்டி, மணிக்கணக்கில் வாடகை. ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். காலே கிரிசோலோகோவில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கருங்கல் பாவிய தரை, செருப்பு தடுக்கும். அம்மாவுக்கு ஷூ நல்லது.

ஜனவரி வெயில் குறைவான, மழையில்லாத மாதம், நல்ல தேர்வு. ஆனால் 25ஆம் தேதி புனித பவுல் திருநாள், அதையொட்டி ஊரே விழாக்கோலம். அந்த வாரம் போவதானால் அறையை இப்போதே பதிவு செய்யுங்கள்.

வாங்குவதற்கு ஆபெல் கைத்தறிப் போர்வை நல்லது. சுழல்போல் கண்ணைக் கட்டும் கட்டம் போட்டது கிடைத்தால் விடாதீர்கள். பர்னாய் என்ற மண் ஜாடிகள் செய்யும் சூளையையும் ஒருநடை பாருங்கள். மண்ணை எருமையை விட்டு மிதிக்கவைத்துப் பிசைவது அங்கே வழக்கம். ஆனால் பெரிய ஜாடியின் எடையை விமானத்தில் யார் சுமப்பது? சின்னதாக ஒன்று எடுத்து, போர்வைக்குள் சுற்றிவிடுங்கள்.