கிரீடம் போனால் கல்லாவது மிஞ்சுமா?

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ராஜ வம்சத்து நகைகள் களவு போனதிலிருந்து, எனக்கு வரும் கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். கல் பதிக்கும் பட்டறையில் வளர்ந்தவன் என்பதால் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

யாங்கூன் வாசகர்: பட்டப்பகலில் இது எப்படி ஐயா முடிந்தது?

2025 அக்டோபர் 19, ஞாயிறு காலை ஒன்பதரை மணி. வீட்டுச் சாமான்களை மாடிக்கு ஏற்றும் ஏணி பொருத்திய லாரியை ஆற்றுப் பக்கம் நிறுத்தி, பால்கனி வழியாக அப்பல்லோ கூடத்துக்குள் போயிருக்கிறார்கள். ஜன்னலையும் இரண்டு கண்ணாடிப் பேழைகளையும் மெஷினால் அறுத்தார்கள். உள்ளே இருந்தது நான்கு நிமிடம்கூட இல்லை. ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்கள்.

மோல்மீன் வாசகர்: இவ்வளவு பெயர்பெற்ற நகையை யார் வாங்குவார்கள் அண்ணே?

முழு நகையாக யாரும் வாங்க மாட்டார்கள் தம்பி, உலகமே அதன் படத்தைப் பார்த்துவிட்டது. என் பயமே அதுதான். விற்க முடியாத நகையைப் பிரிக்கத்தான் தோன்றும்.

நெப்போலியன் தன் மனைவி மரி லூயிஸுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்த அட்டிகையில் 32 மரகதமும் 1,138 வைரமும் இருக்கின்றன. சின்ன வைரங்களைக் கழற்றி வேறு வைரங்களோடு கலந்துவிட்டால் கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம். தங்கத்தை உருக்க அரைநாள்கூட வேண்டாம். பெரிய கல்லுக்கு மட்டும் உள்ளே ரேகை, புள்ளி, பாசி என்று தனி அடையாளம் இருக்கும். அதை அழிக்க மறுபடி சாணை பிடிக்க வேண்டும், பிடித்தால் எடை போகும்.

சாணை எவ்வளவு தின்னும் என்பதற்கு ரீஜண்ட் வைரத்தைப் பாருங்கள். அது அதே கூடத்தில்தான் இருந்தது, நல்ல வேளை, திருடர்கள் எடுக்கவில்லை. கோல்கொண்டா பக்கம் கிடைத்தபோது கரட்டுக்கல்லாக 410 காரட். சென்னை ஜார்ஜ் கோட்டை கவர்னர் தாமஸ் பிட் அதை வாங்கி லண்டனில் பட்டை தீட்டியபோது மிஞ்சியது 140 காரட் சொச்சம். மறுசாணையில் அவ்வளவு போகாதுதான். ஆனால் கையால் தீட்டிய அந்தக் காலத்துப் பட்டை போய்விடும், அது திரும்ப வராது.

லூவரில் களவு போன எட்டு நகைகளின் மதிப்பு 8.8 கோடி யூரோ என்றார்கள். பிரித்துவிட்டால் அதில் சிறு பங்குதான் தேறும். என் அப்பாவிடம் ஒருவர் பழைய கெம்புப் பதக்கத்தைக் கொண்டுவந்து, "கல்லை மட்டும் எடுத்து வடிவத்தை மாற்றிக் கொடுங்கள்" என்றார். அப்பா கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, பதக்கத்தைப் பழைய துணியிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வேலை வரும் காலமில்லை அது. சாணைக்காரன் மறுத்தால் திருடன் கையில் இருப்பது சுமைதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

தாங்லின் வாசகர்: கீழே விழுந்து நசுங்கிய கிரீடத்தைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். திருடர்கள் தப்பும்போது கீழே போட்டுவிட்டுப் போன, பிரெஞ்சு ராணி யூஜெனியின் கிரீடம் அது. 1,354 வைரம், 56 மரகதம். நெளிந்த தங்கத்தை மெல்ல நிமிர்த்தலாம். பற்றவைக்க வேண்டிய இடத்தில்தான் கவனம் வேண்டும். மரகதம் சூடு தாங்காது, விரிசல் விடும். பக்கத்துக் கற்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் நெருப்பைக் காட்ட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

யாங்கூன் வாசகர்: இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. தனியாரிடம் காப்பீடு செய்யவில்லை. அரசு சொத்து, நஷ்டமும் அரசுக்கே.

மாந்தலே வாசகர்: நம் நாட்டு மன்னர் நகைகளும் இப்படித்தானே போயின?

ஆமாம், அதை நினைக்காமல் என்னால் லூவர் செய்தியைப் படிக்க முடியவில்லை. 1885 நவம்பரில் ஆங்கிலேயர் மாந்தலே அரண்மனைக்குள் வந்தார்கள். பர்மாவின் கடைசி மன்னர் தீபோவையும் ராணியையும் கப்பலில் ஏற்றி முதலில் சென்னைக்கும், பிறகு ரத்னகிரிக்கும் அனுப்பினார்கள். அந்தக் குழப்பத்தில் 'ங மௌக்' என்ற பெரிய மாணிக்கம் மறைந்தது. ஆங்கிலேய அதிகாரி கர்னல் ஸ்லேடனிடம் கொடுத்ததாக மன்னர் கடைசிவரை சொன்னார். கல் இன்றுவரை வெளியே வரவில்லை.

ஆனால் முழுசாக இருந்தவை திரும்பின. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போன அரச சின்னங்களை 1964-இல் பர்மாவுக்குத் திருப்பித் தந்தார்கள். நன்றியாக ஹம்ச வடிவப் பாத்திரம் ஒன்றை நம் அரசு அங்கேயே விட்டுக்கொடுத்தது. உடைத்து விற்றிருந்தால் எதைத் திருப்பித் தந்திருப்பார்கள்? பிள்ளைகளை யாங்கூன் பியே ரோட்டு அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள்.

பெகு வாசகி: எங்கள் கோயிலில் அம்மன் நகை கொஞ்சம் இருக்கிறது. என்ன செய்யலாம் ஐயா?

நல்ல பூட்டு வாங்குங்கள் அம்மா, அதோடு ஒரு நோட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு நகையையும் வெள்ளைத் துணிமேல் வைத்து, பக்கத்தில் அடிக்குச்சி வைத்துப் படம் எடுங்கள். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுங்கள். பற்று வைத்த தழும்பு, ஆசாரி முத்திரை, மாற்றிப் போட்ட திருகு எல்லாம் அங்கேதான் தெரியும். எடையை எழுதுங்கள். கற்களை எண்ணி, எந்தக் கல் உடைந்திருக்கிறது, எது மங்கல் என்பதையும் எழுதுங்கள். நோட்டின் நகல் ஒன்று கோயிலுக்கு வெளியே இருக்கட்டும். திருவிழாவுக்குச் சாத்துமுன் ஒருமுறை, இறக்கியபின் ஒருமுறை, இரண்டு பேராக எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள்.