போர்டில் 40 நிமிடம், பெஞ்சில் அரை நாள்

கேள்வி: எங்கள் பட்டணத்து அரசாங்க கிளினிக்கில் ‘சராசரி காத்திருப்பு 40 நிமிடம்’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். இனிப்புநீருக்கு மருந்து வாங்கப் போகும் என் மாமியார் விடியலில் தோட்டத்திலிருந்து கிளம்பினால் மத்தியானம்தான் திரும்புகிறார். போர்டு பொய்யா? – வாசகி, பேராக்

பதில்: பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கடிகாரம் எங்கே ஓடத் தொடங்குகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் முகப்பில் பதிந்த நேரத்திலிருந்து டாக்டர் கூப்பிடும் வரைதான் கணக்கு. முகப்பு திறக்கும் முன் வாசலில் நின்றதும், பிறகு மருந்துக்கு உட்கார்ந்ததும் அதில் சேராது.

அடுத்தது சராசரி. பத்துப் பேர் காத்தது 10, 10, 15, 15, 20, 20, 25, 30, 120, 135 நிமிடம் என்று வையுங்கள். சராசரி சரியாக 40. ஆனால் 40 நிமிடம் காத்தவர் ஒருவர்கூட இல்லை! நடுவில் இருப்பவர் காத்தது 20 நிமிடம்தான். கடைசி இருவர் பெரும்பாலும் உங்கள் மாமியார் போன்றவர்கள். ரத்தம், சிறுநீர், பிரஷர், சில சமயம் கால் பரிசோதனை என்று நாலு இடம் ஏறி இறங்க வேண்டும். சளி, காய்ச்சலுக்கு வருபவர் சீக்கிரம் போய்விடுவார். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் எண் அழகாகிவிடும்.

நீங்களே அளக்கலாம். ஐந்து நேரங்களைக் குறியுங்கள்: வந்தது, நம்பர் எடுத்தது, டாக்டர் கூப்பிட்டது, அறையை விட்டு வெளியே வந்தது, மருந்து கைக்கு வந்தது. திங்கட்கிழமை மட்டும் குறித்தால் கூட்டம் அதிகமாகத் தெரியும். வாரத்தின் எல்லா நாளிலுமாக முப்பது நாற்பது பேராவது வேண்டும். நாள்பட்ட நோய்க்காரர்களைத் தனியாக எழுதி, பத்தில் ஒன்பது பேர் எத்தனை நிமிடத்துக்குள் முடித்தார்கள் என்று பாருங்கள். கிளினிக்கின் ஆலோசனைக் குழுவிடம் அந்த எண்ணோடு போனால் பேச்சு நகரும்.

கேள்வி: ‘இனிப்புநீர் நோயாளிகளில் 40 விழுக்காட்டினருக்குக் கட்டுப்பாடு’ என்றால் நல்லதா? – வாசகர், கெடா

பதில்: எதில் 40 என்று தெரியாமல் சொல்ல முடியாது. இங்கே வழக்கமான இலக்கு, கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ். முதியவர்களுக்கு டாக்டர் தளர்த்துவதுண்டு. உதாரணமாக, பதிவேட்டில் 400 பேர், பரிசோதனை செய்துகொண்டவர் 200, இலக்கை எட்டியவர் 80. இருநூறுக்கு 40 விழுக்காடு, நானூறுக்கு 20. விட்டுப்போனவர்களிடம்தான் சர்க்கரை ஏறிக் கிடக்க வாய்ப்பு அதிகம். இறந்தவர்கள், ஜொகூருக்கோ கோலாலம்பூருக்கோ மாறிப்போய் அங்கே சிகிச்சை எடுப்பவர்கள் ஆகியோரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிய பிறகே கணக்குப் போட வேண்டும். இல்லையென்றால் கிளினிக்குக்கு அநியாயம்.

கேள்வி: உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்கு 49-வது இடம் கொடுத்ததாமே? – வாசகர், நெகிரி செம்பிலான்

பதில்: ஆமாம், 2000-ஆம் ஆண்டு அறிக்கையில், நாடுகளின் சுகாதார அமைப்புகளை வரிசைப்படுத்திய பட்டியலில், 191 நாடுகளில். பல நாடுகளுக்குத் தரவு இல்லாததால் மதிப்பீட்டை வைத்தே கணக்குப் போட்டார்கள். கண்டனம் பலமாக வந்தது; அப்படியொரு தரவரிசையை நிறுவனம் மறுபடி வெளியிடவில்லை.