தி.நகர் பனகல் பூங்காவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

பனகல் என்பது ஆள் பெயரல்ல, பட்டம். பனகல் அரசர் ராமராயநிங்கார் நீதிக்கட்சித் தலைவர். 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். பூங்காவில் அவருக்குச் சிலை உண்டு.

அந்தக் காலத்தில்தான் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தி.நகரை உருவாக்கினார்கள். (மழைக்காலத்தில் அங்கே ஏன் தண்ணீர் தேங்குகிறது என்று யாரும் வியக்க வேண்டியதில்லை!) புது நகரின் நடுவில் பூங்கா, அதைச் சுற்றிச் சாலைகள் என்பது திட்டம். பெயர்களைப் பாருங்கள்: தியாகராயர், நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை. எல்லாமே நீதிக்கட்சிக்காரர்கள்! ஆட்சியில் இருந்தவர்கள் ஊர் முழுக்கத் தங்கள் ஆட்களை எழுதிவைத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

துணிக்கடை, நகைக்கடைக் கூட்டமெல்லாம் பின்னால் வந்தது. கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ தடத்துக்கான சுரங்க நிலையப் பணிக்காகப் பூங்காவின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள்.