அறையைத் தருமபுரியில் எடுங்கள்

வயதான அம்மாவுடன் மூன்று நாள் கிருஷ்ணகிரியில் தங்கி, தினமும் ரயிலில் ஓசூர், சேலம், ஒகேனக்கல் போய்வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையமே கிடையாது. தயவுசெய்து தருமபுரியில் தங்குங்கள். சேலம்–பெங்களூரு பாதையில் இருப்பதால் ஒருபக்கம் ஓசூர், மறுபக்கம் சேலம். இரண்டுக்கும் நேர் ரயில் உண்டு. திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலுக்கு மேலேவரை சாலை இருக்கிறது; அம்மா படியேற வேண்டியதில்லை. வழியிலுள்ள ராயக்கோட்டைக் கோட்டை அழகானதுதான், ஆனால் அந்த ஏற்றம் அவருக்கு ஆகாது.

ஒகேனக்கல்லுக்கு ரயில் இல்லை, பென்னாகரம் வழியாகப் பஸ்தான். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மசாலா தடவிய மீனைக் கண்முன்னே பொரித்துத் தருவார்கள், சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.