டோன்ஜாங் சாப்பிட்டால் சர்க்கரை, தொப்பை குறையுமா? கொரிய சோயா நொதிப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: டோன்ஜாங், சொங்குக்ஜாங், கோச்சுஜாங் மூன்றுமே சோயாவில் செய்வதுதானே? உடம்புக்கும் மூன்றும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. டோன்ஜாங்குக்கு வேகவைத்த சோயாவை இடித்துக் கட்டியாக்கி (மேஜு), வைக்கோல் கயிற்றில் தொங்கவிட்டுப் பூசணமும் பாக்டீரியாவும் பிடிக்க வைப்பார்கள். பிறகு 18-20 சதவீத உப்புக் கரைசலில் ஒன்றிரண்டு மாதம் ஊறப்போட்டு, வடியும் நீரைச் சோயா சாஸாகவும் (கன்ஜாங்) எஞ்சும் விழுதை டோன்ஜாங்காகவும் பிரிப்பார்கள். சொங்குக்ஜாங் இரண்டு மூன்று நாளில் தயாராகிவிடும்; நொதிக்க உப்பே தேவையில்லை. கோச்சுஜாங்கில் மிளகாய்த்தூள், பசையரிசி, மால்ட், மேஜுப் பொடி எல்லாம் சேரும். கடைச் சரக்கில் சிரப்பும் தாராளமாக இருக்கும். சர்க்கரை, எடை என்று யோசிப்பவருக்கு என் தேர்வு சொங்குக்ஜாங். டோன்ஜாங் அளவோடு. கோச்சுஜாங்கைச் சட்னி போலத் தொட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கேள்வி: உடல் கொழுப்பைக் குறைக்கும் என்று ஆய்வே இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, ஆனால் சிறியது. கொரியாவில் அதிக எடை உள்ள சுமார் ஐம்பது பேரை வைத்து 12 வாரம் நடந்தது. நாளுக்கு ஏறக்குறைய 10 கிராம் உலர் டோன்ஜாங் எடுத்தவர்களுக்கு உடல் கொழுப்பும் வயிற்றின் உட்கொழுப்பும் கொஞ்சம் குறைந்தன. அந்தப் 10 கிராம் என்பது நாம் வாங்கும் ஈர விழுதில் சுமார் 20 கிராம், அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி. கொழுப்பு சற்றுக் குறைந்ததை வைத்து 'சர்க்கரைக்கு மருந்து' என்று போர்டு மாட்ட முடியாது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: கூடாது.

கேள்வி: சாதாரண சோயாவைச் சுண்டல் செய்து சாப்பிட்டால் இதே பலன் வராதா?

பதில்: புரதமும் நார்ச்சத்தும் அதிலும் உண்டு. நொதிக்கும்போது கூடுதலாக நடப்பது இது: சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற தாவரப் பொருட்கள் சர்க்கரை மூலக்கூறோடு ஒட்டியே இருக்கும், நுண்ணுயிரின் நொதி அந்த ஒட்டை வெட்டுவதால் குடல் உறிஞ்சுவது எளிதாகிறது. புரதமும் சிறு பெப்டைடுகளாக உடைகிறது. சொங்குக்ஜாங்கில் கரண்டியைத் தூக்கினால் வெள்ளை நூல் நூலாக வருமே, அதில் பெரும்பங்கு பாலிகுளூட்டமிக் அமிலம். ஆனால் எல்லோர் உடலும் ஒன்றல்ல. ஐசோஃபிளேவோன்களில் ஒன்றான டெய்ட்ஸீனை ஈக்குவால் என்ற பொருளாக மாற்றும் குடல் பாக்டீரியா கிழக்காசியரில் பாதிப்பேருக்கு இருக்கிறது, மேற்கத்தியரில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்குக்கே. ஒரே குழம்பு இருவருக்கு வேறு வேறு பலன் தர இது ஒரு காரணம்.

கேள்வி: எனக்கு பி.பி. இருக்கிறது. எவ்வளவு எடுக்கலாம்?

பதில்: டோன்ஜாங்கில் உப்பு சுமார் 12 சதவீதம். ஒரு மேசைக்கரண்டியில் (17 கிராம்) 2 கிராம் உப்பு வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் அளவு 5 கிராமுக்குக் கீழ். பக்கத்தில் கிம்சியும் உப்பு மீனும் வைத்துக்கொண்டால் கணக்கு அங்கேயே முடிந்தது.

இருவருக்கு இப்படிச் செய்யுங்கள்: தலையும் குடலும் நீக்கிய நெத்திலிக் கருவாடு (குடல் இருந்தால் கசக்கும்), ஒரு துண்டு கெல்ப் பாசி இரண்டையும் 500 மில்லி தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் பாசியை எடுத்துவிடுங்கள், விட்டால் வழவழப்பாகும். வடிகட்டி, சீமைச் சுரைக்காய், காளான், வெங்காயம், 150 கிராம் டோஃபு சேருங்கள். டோன்ஜாங் ஒரே ஒரு மேசைக்கரண்டி, குவிக்காமல் மட்டமாக; தனி உப்பு வேண்டாம். ருசி போதாவிட்டால் டோன்ஜாங்கைக் கூட்டாமல் 100 கிராம் உப்பில்லாத சொங்குக்ஜாங்கைச் சேருங்கள்.

கேள்வி: கொதிக்க வைத்தால் நல்ல பாக்டீரியா செத்துவிடாதா?

பதில்: சோயாவை நொதிக்க வைக்கும் பேசில்லஸ் பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதியையும் தாங்கும். நொதிகள்தான் அழியும். ஐசோஃபிளேவோனும் நார்ச்சத்தும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் சொங்குக்ஜாங்கைக் கடைசி 3-5 நிமிடத்தில் போடுங்கள்.

கேள்வி: சொங்குக்ஜாங்கை வீட்டில் செய்து பார்த்தேன், அம்மோனியா நாற்றம் அடித்தது, நூலும் வரவில்லை. என்ன தப்பு?

பதில்: அதிக நேரம் அல்லது அதிகச் சூடு, இரண்டில் ஒன்று. 500 கிராம் சோயாவை 12 மணி நேரம் ஊறவையுங்கள். கோடையென்றால் ஃபிரிட்ஜில். குக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சோயா நுரை வெயிட்டின் துளையை அடைக்கும். சிறுதீயில் 45 நிமிடம் வேகவைத்தபின், பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே அழுத்தினால் நசுங்க வேண்டும். நீரை முழுவதும் வடியுங்கள், ஈரம் தங்கினால் புளித்துப்போகும். சூடு குறையுமுன்பே விதைக் கலவையை (நொதிக்க வைக்கும் பாக்டீரியா உள்ளது) தூவி, 3-4 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். துளையிட்ட மூடி அவசியம், இந்த பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். 40-42 டிகிரியில் 24 மணி நேரத்தில் வெண்படலம் தெரியும், 48-ஐத் தாண்டவிடாதீர்கள். விதைக்குப் பதில் வயல் வைக்கோலைப் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை; பூச்சிமருந்தும் பேசில்லஸ் சீரியஸ் போன்ற வேண்டாத கிருமியும் கூடவே வரும். நாட்டோவுக்கு (ஜப்பானிய நொதித்த சோயா) விற்கும் விதையே போதும். 50 கிராம் பொட்டலங்களாக ஃபிரீசரில் வையுங்கள்.

நாகாலாந்தின் அகுனியும் மணிப்பூரின் ஹவைஜாரும் இதே பேசில்லஸ் குடும்ப வேலைதான், கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும்தான் புதிது.

கேள்வி: மாத்திரைகளோடு சிக்கல் ஏதும் உண்டா?

பதில்: உண்டு, இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோர் சொங்குக்ஜாங்கைத் தவிர்க்கவும். அதில் வைட்டமின் கே2 அதிகம், மருந்தின் வேலையைக் கெடுக்கும். தைராக்ஸின் மாத்திரைக்கும் சோயாவுக்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். எம்.ஏ.ஓ. தடுப்பான்கள் (மனச்சோர்வு மருந்துகளில் ஒரு வகை) அல்லது லைனசோலிட் (ஒரு ஆன்டிபயாட்டிக்) எடுப்பவருக்கு, நாள்பட்ட ஜாங்கில் (நொதித்த சோயா விழுதில்) உள்ள டைரமின் என்ற பொருள் ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றலாம். சிறுநீரகம் பாதித்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: கடையில் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? கோதுமை ஒவ்வாது.

பதில்: பொருட்பட்டியலில் சோயா, உப்பு, தண்ணீர் மட்டும் என்றால் 'ஹன்சிக்' எனப்படும் பாரம்பரிய வகை. ஆலையில் செய்யும் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும், உங்களுக்கு ஆகாது. கோச்சுஜாங்கில் முதல் இரண்டு மூன்று பொருட்களுக்குள் சிரப்பு இருந்தால் அதைச் சர்க்கரைக் கணக்கிலேயே எழுதுங்கள்.

கேள்வி: டோன்ஜாங் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, கொட்டிவிடலாமா?

பதில்: மெல்லிய வெண்படலம் பெரும்பாலும் ஈஸ்ட். வழித்துப் போட்டு, மேற்பரப்பைச் சமன்படுத்தி, பிளாஸ்டிக் தாளை ஒட்ட விரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். கறுப்பு, பச்சை, சிவப்புப் பூசணம் என்றால் டப்பாவோடு குப்பைக்கு.